பொழுது சாய்ந்தால்

"துணிமணியை எடுத்து வை பூங்கொடி. குடிகாரனோட வாழ்ந்தது போதும், நம்மூட்டுக்குப் போலாம்" என்றான் ஈஸ்வரமூர்த்தி.

பனியன் கம்பெனியிலிருந்து வந்த மாப்பிள்ளை அப்போதுதான் கண் சொக்க, நாக்குக் குழற, சுவரைப் பிடித்துப் படியேறி உள்ளே போயிருந்தார்.

"குடியில்லீங்கண்ணா. தசையில வியாதிங்க. பொழுது சாஞ்சா ஒடம்பு தளந்துருது. காலையில பாருங்க, நல்லா இருப்பாங்க."

"எந்தக் குடிகாரன் காலையில நல்லா இல்ல?"

"பரம்பரை வியாதின்னு டாக்டரே சொன்னாருங்க. இவங்கப்பாருக்கும் இருந்துச்சாமா."

"அப்ப, பரம்பரைக் குடிகாரன்னு சொல்லு!"

எதிர் வீட்டில் விளையாடிவிட்டு வந்த பூங்கொடியின் நாலு வயது மகள், படியேற முடியாமல் அப்பனைப் போலவே சுவரைப் பிடித்து நின்றாள். இமைகள் பாதி மூடியிருந்தன. "மாமா" என்றாள், நாக்குக் குழறியது.

ஈஸ்வரமூர்த்தி இறங்கிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டான்.

பூங்கொடி கேட்டாள்: "இவளுக்கு எந்தக் கடையில ஊத்திக் குடுத்தாங்கண்ணா?"