நடுகல்லின் முறை

அருங்காட்சியகத்துக்கு இந்த வருடமும் முப்பரிமாண ஸ்கேனர் வந்தது. முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த நடுகல் அதைக் கூப்பிட்டது.

"தம்பி, ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனின் பெயர் என் மேல் இருக்கிறது. மழை அதை அரிக்கிறது. முதலில் என்னைப் பதிவு செய்."

"திட்டத்தில் ராஜா சிலைதான் முதலில், ஐயா. விழாவில் அதைத்தான் காட்டுவார்கள்."

"அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் சுகமாகத்தானே இருக்கிறார்? போன வருடமும் அவரைத்தானே எடுத்தாய்?"

"அப்போது கிரீடம் எடுப்பாக வரவில்லையாம்."

உள்ளேயிருந்து ராஜா அதட்டினார்: "வரிசையில் நில்லப்பா!"

நடுகல் மூன்று மழைக்காலம் வரிசையில் நின்றது. பிறகுதான் ஸ்கேனர் வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.

"எழுத்தே இல்லையே, ஐயா! அரை நாள் வேலை அரை மணியில் முடிந்துவிடும்" என்றது மகிழ்ச்சியோடு.