சந்தேகம் வந்தால் கேட்க வேண்டியவர்

"எடை மேடையில நான் தெரிஞ்சிக்க வேண்டியது வேற ஏதாவது இருக்குதாண்ணா?" என்று கோதை கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வண்டி ஏறும், எடை வரும். அவ்ளோதான்" என்றான் கமலக்கண்ணன்.

ஒன்று இருந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது எடை மேடை சில சமயம் குழம்பிவிடும். மேலே நிற்கும் வண்டியை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இறங்கிப்போன வண்டியின் எடையையே திரும்ப அனுப்பும். அதைப் பிடிக்க அவன் தன் ப்ரோக்ராமின் ஒரு மூலையில் ஒரு சோதனை எழுதி வைத்திருந்தான். வேறு யாருக்கும் தெரியாது.

சொல்வானேன்? நேற்று வந்தவளுக்கு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டுமா?

குடிபாலாவில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி. சீசன் வந்தால் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை தோத்தாபுரி மாங்காய் வண்டிகள் நிற்கும். டோக்கன், எடை, தரம், விலை எல்லாம் கமலக்கண்ணன் எழுதிய ஒரே ப்ரோக்ராமில் ஓடியது. சின்னதாக ஒன்றை மாற்றவும் முதலாளி வரதராஜன் அவன் மேஜைக்கு வந்து நிற்பார். அவர் அப்படி வந்து நிற்பதில் அவனுக்கு ஒரு சுகம்.

புது ப்ரோக்ராம் எழுதத் திருப்பதியிலிருந்து கோதை வந்தாள். சுகம் போச்சு.

"ஒவ்வொரு வேலையும் தனித்தனியா இருக்கட்டும் சார். எடை போடறது எடையை மட்டும் போடட்டும். தரம் பாக்கறது தரத்தை மட்டும் பாக்கட்டும். எதுக்கு அப்புறம் எதுன்னு மேல இருந்து நடத்த தனியா ஒண்ணு வெச்சிடலாம். மழை வந்தாலோ, கூட்டம் சேர்ந்தாலோ வரிசையை நீங்களே மாத்திக்கலாம்."

"பாகுந்தி, சால பாகுந்தி! ரொம்ப நல்லா இருக்குது!" என்று முதலாளி அவளுக்கு டீ வரவழைத்தார். கமலக்கண்ணனுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு பிஸ்கட் வந்ததில்லை.

அதைவிடக் கொடுமை, அவள் தினமும் அவனுடைய பழைய ப்ரோக்ராமைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள்.

"என் தப்பைத் தேடிக்கினு இருக்கறா" என்று வீட்டில் பொருமினான்.

"அவ வேலையை அவ பாக்கறா. உனக்கு இன்னாத்துக்கு வயிறு எரியுது?" என்றாள் மனைவி ரோஜா.

"எரியாம? பழசைத் தூக்கிப் போட்டா அதோட என்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவாங்கடி!"

புதுசை ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. ஆபீஸே திரை முன்னால் கூடியது. பாதியில் தூறல் விழ, கோதை திரையில் ஒரு கட்டத்தை இழுத்து முன்னால் வைத்தாள். அவ்வளவுதான், ஷெட்டுக்குள்ளே தரம் பார்த்துவிட்டு அப்புறம் எடை என்று வரிசை மாறிவிட்டது. முதலாளி கை தட்டினார். தட்டிய ஒவ்வொரு தட்டும் கமலக்கண்ணன் முதுகில் விழுந்தது.

'ஏழுமலையானே, ஒரே ஒரு தடவை கரண்ட் போகட்டும்!'

போயிற்று. ஃபேன் நின்றது. வெளியே ஜெனரேட்டர் உறுமியது.

மேடையில் மாந்தோப்புக்கார லட்சுமம்மாவின் டிராக்டர், காய் வழிய வழிய. அதற்கு முன் இறங்கிப்போனது ஒரு குட்டி லோடு ஆட்டோ. யு.பி.எஸ். தயவில் அணையாமல் இருந்த திரையில், டிராக்டருக்கு நேராக லோடு ஆட்டோவின் எடை வந்து உட்கார்ந்தது.

மாட்டினாள்!

"நைனா, சீக்கிரம் போடு. தோப்புல இன்னொரு நடை காய் காத்துக்கினு இருக்குது" என்று ஜன்னல் வழியே லட்சுமம்மா குரல் கொடுத்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாட்டியது கோதை இல்லை, அந்த அம்மாள்.

பாக்கெட்டில் அவன் போன் அடித்தது.

'எடையில் சந்தேகம். வண்டி நிறுத்தப்பட்டுள்ளது. கேட்க வேண்டியவர்: கமலக்கண்ணன்.' கீழே இரண்டு பட்டன்கள். 'இந்த எடை சரி.' 'மறுபடி எடை போடு.'

"என்னய்யா நின்னு போச்சு?" என்று முதலாளி மேடைக்கு ஓடினார். கோதையைத் தவிர மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள்.

முதல் பட்டனை அழுத்தினால் போதும், கோதையின் பேர் இன்றோடு கெட்டுவிடும். விரல் அதன் மேல் ஒரு கணம் நின்றது. ஜன்னலில் லட்சுமம்மா முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதை அழுத்தினான். சரியான எடை வந்தது. டிராக்டர் நகர்ந்தது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கோதையிடம் கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. உங்க ப்ரோக்ராம் ஒரு இடத்துல நின்னு, முந்தின எடையோட ஒத்துப் பாக்குது. எதுக்குன்னு எவ்ளோ படிச்சும் புரியல. நீங்க காரணம் இல்லாம எழுத மாட்டீங்க. அதான் அதை அழிக்காம தனியா ஒரு படியா வெச்சேன். சந்தேகம் வந்தா உங்களைக் கேக்கச் சொல்லிட்டேன்."

அதற்குள் முதலாளி திரும்பி வந்துவிட்டார்.

"இதைக் கேளு கமலக்கண்ணா. பழசை எடுக்கற கோவத்துல நீ எதையாவது மறைப்பேன்னு எனக்கு ஒரு சந்தேகம். அப்படி இருந்தா சீசனோட உன்னை அனுப்பிடலாம்னே இருந்தேன். நெஜத்தைச் சொல்லு. எடை மாறி வர்ற இந்தக் கோளாறை இந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே சொன்னியா, இல்லியா?"

கமலக்கண்ணன் வாயைத் திறந்தான்.

திரையிலிருந்து பார்வையை எடுக்காமல் கோதை முந்திக்கொண்டாள்:

"நான் கேட்ட அன்னிக்கே சொல்லிட்டாரு சார்."