சொந்த வீட்டு உதாரணம்

"முட்டாள்தனமான தீர்ப்பு" என்றார். பிறகு, "வேண்டாம். 'சட்டத்துக்குப் புறம்பான தீர்ப்பு'ன்னு போடு."

அவள் போட்டாள்.

சொல்வது அவர். கம்ப்யூட்டரில் தட்டுவது அவள். கோர்ட்டுக்குப் போவதை விட்ட பிறகும், தீர்ப்புகளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அவர் எழுதும் பத்தி மட்டும் நிற்கவில்லை. கமா எங்கே, புள்ளி எங்கே என்பதுகூட அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

இந்த வாரம் அவரிடம் மாட்டியது ஒரு சொத்து வழக்கு. வீடு கணவன் பெயரில் இருந்தாலும், நகையைக் கொடுத்து, குடும்பத்தையும் தூக்கிச் சுமந்த மனைவிக்கு அதில் பாதி உண்டு என்று சொல்லிவிட்டது கோர்ட்.

"சமைத்துப் போட்டவளுக்குப் பாதி வீடு என்றால், ஓட்டல் மாஸ்டருக்கு ஓட்டலையே எழுதி வைக்க வேண்டுமா. கேள்விக்குறி."

மாஸ்டருக்குச் சம்பளம் உண்டு.

அதை அவள் சொல்லவில்லை. கேள்விக்குறி போட்டாள்.

அடுத்த மாதம் பத்திரப் பதிவு. இந்த வீட்டைத் தம்பி மகன் கோகுலுக்கு எழுதி வைக்கப்போகிறார். உனக்கென்ன, இருக்கிற வரைக்கும் பின்னறையில் இருந்துக்கோ, அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான் என்று, சாப்பாட்டுக்கு நடுவே மோர் கேட்கிற மாதிரி சொல்லி முடித்துவிட்டார். அன்று சாயங்காலமே கோகுலின் பெண்டாட்டி வந்து, ஜன்னல்களுக்குத் திரைத்துணி அளந்துகொண்டு போனாள்.

நேற்று கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, இவள் வக்கீல் செலினைப் பார்க்கப் போனாள். செலின் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேஸ் போடலாம்க்கா, என்றாள். ஆனால் நகையை விற்ற கடை இன்றைக்கு இல்லை. கூட வந்த உங்கப்பாவும் இல்லை. அந்தப் பணத்தில்தான் மனை வாங்கியது என்று யார் வந்து சொல்வது?

"உங்க வீட்டுக்காரரே சொன்னாத்தான் உண்டு" என்று சிரித்தாள்.

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாசி" என்றார் அவர்.

வாசித்தாள்.

காரம் பத்தலை, என்றார். அறையை ஒரு சுற்று நடந்தார்.

"வெறும் செக்‌ஷனா இருக்கே, அதான்" என்றாள், திரையைப் பார்த்தபடியே. "நம்ம வீட்டையே ஒரு உதாரணமாச் சொல்லலாம்ல?"

அவர் நின்றார்.

அவள் சொல்லி அவர் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. இது பிடித்துவிட்டது. தொண்டையைச் செருமி, இல்லாத கவுனின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"என் வீட்டையே எடுத்துக்கொள்வோம். புள்ளி. இந்த மனையை வாங்க, தாலிக்கொடி நீங்கலாகத் தன் நகை முழுவதையும் விற்றுக் கொடுத்தவள் என் மனைவி. புள்ளி. கட்டடம் எழும்பியபோது வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணீர் விட்டவளும் அவளே. புள்ளி. இன்றுவரை ஒரு செங்கல்லுக்காவது பங்கு கேட்டிருப்பாளா. கேள்விக்குறி. அதற்குப் பெயர்தான் இல்லறம். ஆச்சரியக்குறி."

அவள் மெதுவாகத் தட்டினாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

"அப்படியே அனுப்பட்டுமா?"

"அனுப்பு. என் பேரை இந்தத் தடவையாவது கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லு. போன வாரம் எறும்பு மாதிரி இருந்தது."

அதையும் எழுதி அனுப்பினாள்.

பிறகு பேப்பர் போடுகிறவருக்குப் போன் செய்து, இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேப்பர் வேண்டும் என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, தம்பி வீட்டுக்கா என்று கேட்டார்.

"இல்ல" என்றாள். "எனக்கு ஒண்ணு."