பின்னணி இரைச்சல்

பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் கடையில் மாலை வெயில் மேசைவரை வந்திருக்கிறது. ஸ்பீக்கரில் ஒரு சிறுமி பாடுகிறாள். ஞாயிறுதோறும் டிவியில் வந்த குட்டிப் பாடகர்கள் நிகழ்ச்சி அது, எனக்கு உயிர். டிவி முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்து, ஒன்பது வயதில் நானே பதிவு செய்தது. சிவப்பு பட்டனை அழுத்திவிட்டால் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது என் சட்டம். ஆனால் சிறுமியோடு சேர்ந்து, சுருதி தப்பி, இன்னொரு குரலும் பாடுகிறது. என் தம்பி. அந்த வருடமே காய்ச்சலில் போனவன். அவன் குரல் வேறெங்கும் இல்லை. கடைக்காரர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்குகிறார். “பின்னால ஏதோ குழந்தை கத்துதுக்கா. எடுத்துடட்டுமா?” “வேணாம் தம்பி, இருக்கட்டும்.” பல்லவி திரும்ப வருகிறது. என் தம்பிக்குக் குஷி தாங்கவில்லை. தரையைத் தட்டித் தாளம் போடுகிறான். சட்டென்று, மைக்குக்கு வெகு அருகில், நான் மறந்தே போயிருந்த என் குரல்: “வாயை மூடுடா சனியனே, ரெக்கார்டு ஆகுது!” தாளம் நிற்கிறது. சிறுமி மட்டும் பாடிக்கொண்டு போகிறாள். நான் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக்கொள்கிறேன். ஒரு தும்மல், ஒரு சிணுங்கல், எதுவானாலும் போதும். பாட்டு முடிகிறது, கைதட்டல் எழுந்து அடங்குகிறது, ஒன்றுமே இல்லை. அக்கா சொன்னால் கேட்கிற பிள்ளை அவன். கடைக்காரர் முகம் மலர்ந்து திரையைக் காட்டுகிறார். “இங்கேருந்து சுத்தமா இருக்குக்கா.”