கண்டிப்பான ஆள்

"அப்பாகிட்டேருந்து கார் சாவிய வாங்கிட்டியா?" என்று போனில் தங்கையிடம் கேட்டான் அண்ணன்.

"பிடுங்கினா மனசு ஒடிஞ்சு போயிடுவார்ண்ணா. இன்னைக்கு ஒரு டெஸ்ட் வெச்சிருக்கேன். அவர் ஓட்டலாமா வேணாமான்னு டெஸ்ட் எடுக்கறவர் சொல்லட்டும்."

"யாரு எடுக்கறது?"

"பெத்த பொண்ணுன்னும் பாக்காம ரெண்டு தடவை பெயில் பண்ணின ஆளு."

"ஓ, அவரா? அப்ப சரி." அண்ணன் சிரித்துவிட்டான்.

அரை மணி நேரம் ஊரைச் சுற்றிய கார், பூங்கா வாசலில் ஒரு சக்கரத்தை நடைபாதைமேல் ஏற்றிக்கொண்டு நின்றது. அவள் மதிப்பெண் தாளை நீட்டினாள்.

"ரெண்டு சிக்னல கவனிக்கல. கண்ணாடி பாக்கவேயில்ல. அந்த சைக்கிள்காரர் தப்பிச்சது அவர் செஞ்ச புண்ணியம்." பேனா தயங்காமல் ஓடியது.

"எழுபத்தெட்டு வயசு. கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?" என்றாள் அவள்.

"ரோட்டுக்கு வயசெல்லாம் தெரியாதும்மா."

'தகுதி இல்லை' என்று எழுதி, அடியில் கையெழுத்தும் விழுந்தது. முன்பு அவளை இரண்டு முறை அழ வைத்த அதே கையெழுத்து.

முப்பது வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்த அப்பா, ஸ்டீயரிங் அருகிலிருந்து சாவியை உருவி, தாளோடு சேர்த்து அவளிடம் கொடுத்தார். பிறகு இறங்கி, இடம் மாறி உட்கார்ந்தார்.

தன்னையே பெயில் பண்ணிக்கொண்ட மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டப்போகிறோம் என்று அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பெல்ட்டப் போடு. கண்ணாடியப் பாத்து எடு," என்றார் அப்பா. "மூணாவது தடவை உன்னைப் பாஸ் பண்ணினது நான். ஒரு பய குத்தம் சொல்லிடக் கூடாது."