பாலத்தில் நின்ற பேருந்து

பாலத்தின் நடுவில் பேருந்தை நிறுத்திவிட்டான்.

முன்னால் வழி இருந்தது. யாரும் குறுக்கே வரவில்லை. கால் தானாகப் பிரேக்கில் ஏறியது. கை தானாக எஞ்சினை அணைத்தது.

பின்னால் அறுபது பேருக்கு மேல்.

காலை எட்டே முக்கால். பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம். ஆபீசுக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், மீன் சருவத்தோடு ஒருத்தி. ஒரு நிமிஷம் யாரும் பொருட்படுத்தவில்லை. பேருந்து என்றால் நிற்கும்.

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். விரல்கள் மரத்திருந்தன. மூச்சு பாதி தூரம் வந்து திரும்பிப் போனது. நெஞ்சுக்குள் யாரோ முட்டியை ஊன்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

செத்துவிடுவோம் என்று நினைத்தான்.

சாகாமல் போனால் இவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

வலப்பக்கக் கதவைத் திறந்தால் உரசிக்கொண்டு போகும் லாரிகள். இடப்பக்கம் ஆட்கள். பின்னால் ஹாரன்கள். எழுந்து போக ஓர் இடமில்லை.

பதினேழு வருஷ சர்வீஸ். ஒரு கீறல் கிடையாது.

கண்டக்டர் பால்துரை கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். இரண்டு வருஷமாக இந்தத் தடத்தில் கூட ஓடுகிறவன். முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“சொரிமுத்தண்ணே, என்ன செய்யுது?”

சொரிமுத்து ஸ்டியரிங்கை விடவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது.

பால்துரை ஒரு கணம்தான் நின்றான். பிறகு திரும்பி, கிளட்ச் போய்விட்டது, எல்லோரும் இறங்கிப் பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்று சத்தம் போட்டுச் சொன்னான்.

முணுமுணுத்தபடி இறங்கினார்கள். மீன்காரி அரசாங்கத்தைத் திட்டினாள். ஓட்டை வண்டி என்று ஒருவர் பக்கவாட்டுத் தகரத்தில் தட்டிவிட்டுப் போனார். போக்குவரத்துக் காவலர் வந்து கத்தினார். கிளட்ச் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு மற்ற வண்டிகளை ஒதுக்கி விட ஆரம்பித்தார்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை.

பால்துரை தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தான். டெப்போவுக்குப் போன் பண்ணியாயிற்று, மெக்கானிக் வருகிறார், அவரிடமும் கிளட்ச் என்றே சொல்லிக்கொள்ளலாம் என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் சொல்ல சொரிமுத்துவிடம் ஒரு காரணம் இல்லை. வீட்டில் சண்டை இல்லை. மகள் நன்றாகப் படிக்கிறாள். குடிப்பதில்லை. ஆனால் காலையில் பல் துலக்கும்போதே இந்தப் பாலம் நினைவுக்கு வந்துவிடும். சாப்பிட்டது தொண்டையில் நிற்கும். மனைவி ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். வாயு என்றாள். அவனும் வாயு என்றே சொல்லிக்கொண்டான்.

டெப்போவில் முகாம் போட்டார்கள். கண் பார்த்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எட்வின் என்று ஒரு டிரைவர் இருந்தான். மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. வண்டியிலிருந்து இறக்கி அவனை டயர் குடோனில் போட்டார்கள். ஓய்வறையில் அவனுடைய பெயரே மாத்திரை ஆகிப்போனது. மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அன்று சிரித்தவர்களில் சொரிமுத்துவும் ஒருவன்.

முக்கால் மணி நேரத்தில் மைதீன் பாய் வந்தார். டெப்போவின் மூத்த மெக்கானிக். பைக்கைப் பாலத்தோரம் சாய்த்துவிட்டு நேராக வண்டிக்குக் கீழே போனார். சொரிமுத்து அதற்குள் இருக்கையை விட்டு இறங்கி வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். உடம்பு துவைத்துப் பிழிந்த துணி மாதிரிக் கிடந்தது.

பாய் ஏறி டிரைவர் இருக்கையில் அமர்ந்தார். எஞ்சினைப் போட்டார். உடனே பிடித்தது. கிளட்சை அழுத்தி கியரைப் போட்டார். வண்டி பத்தடி நகர்ந்து நின்றது. பின்னால் எடுத்துப் பார்த்தார். அதுவும் சரியாக வந்தது.

நோட்டை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். என்ன கோளாறு என்று எழுத வேண்டும்.

முதலில் இழுத்தது, அப்புறம் சரியாகிவிட்டது என்றான் பால்துரை. சொல்லிவிட்டு சொரிமுத்துவைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நாளைக்கும் இதே வண்டி. இதே பாலம். அறுபது பேர்.

நாளைக்கு வண்டிக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன் நின்று, கால் பிரேக்குக்குப் போகாவிட்டால்?

“வண்டிக்கு ஒண்ணுமில்ல, பாய்,” என்றான் சொரிமுத்து. “எனக்குத்தான்.”

பால்துரை தலை குனிந்துகொண்டான்.

பாய் எஞ்சினை அணைத்தார். நோட்டை மூடினார். இறங்கி வந்து, படிக்கட்டில் அவன் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் உட்கார்ந்தார். கிரீஸ் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு எந்த வண்டியைப் பற்றியும் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

“எத்தன நாளா?”

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

“ஒரு வாரமா,” என்றான்.

பாய் காத்திருந்தார்.

கீழே ஆற்றில் யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். முங்கிய தலை வெளியே வர நேரமாயிற்று. வந்தது.

“இல்ல,” என்றான் சொரிமுத்து. “போன தீவாளிக்கு முந்துன தீவாளிலேர்ந்து.”