நம்ம ஆளு

"இந்தத் தண்ணிய எங்கேருந்தும்மா எடுத்தே?"

மெய்யநாதன் தமிழில் கேட்டதும்தான் யமுனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதுவரை அந்த அறையில் எல்லாமே இங்கிலீஷ். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு சீன மாது. அவளுக்குப் பக்கத்தில் கம்பெனியின் வக்கீல். ஓரத்தில் ஆள் எடுக்கும் பிரிவின் மேலாளர் மெய்யநாதன்.

உபகாரச் சம்பள நேர்காணலுக்கு வக்கீல் எதற்கு என்று யமுனா யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலைமையிலா இருந்தாள்?

கண்ணாடிக்கு வெளியே கடல். கடலுக்கு அக்கரையில் பிறை நகரம். அங்கேதான் இவர்களுடைய ஆலை இருக்கிறது.

மதிப்பெண்ணைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்து என்ன ஆகப் போகிறாய் என்றும் கேட்கவில்லை. வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பதிலெல்லாம் வீணாய்ப் போனது. கேட்டதெல்லாம் ஒன்றைத்தான். போன வருடம் பள்ளி அறிவியல் போட்டிக்காக, ஒரு தொழிற்சாலையின் கழிவுநீரில் ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அவள் அளந்து காட்டிய ஆய்வு. மாநில அளவில் பரிசு வாங்கியது.

எந்தத் தொழிற்சாலை என்று அவள் எழுதவில்லை. 'பிறையில் ஓர் ஆலை', அவ்வளவுதான். அந்த ஆலைக்காரனிடமே உபகாரச் சம்பளம் கேட்டு வந்து நிற்கும்போது பேரையும் எழுதி வைக்க அவள் என்ன மடச்சியா? ஆனால் அந்தப் பரிசை விட்டால் விண்ணப்பத்தில் போட வேறொன்றும் இல்லை.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அவள் கேட்டது இரசாயனப் பொறியியல். கொடுத்தது மீன் வளர்ப்பு. இதுவும் கைநழுவினால் ஆயுசுக்கும் மீன்தான்.

"வெளியில ஓடற லோங்காங்ல எடுத்தேன் சார்."

"வெளிச் சாக்கடையில இவ்வளவு ஈயம் இருக்காதேம்மா." மெய்யநாதன் சிரித்தார். "உள்ள போயித்தான் எடுத்திருக்கே. கெட்டிக்காரி லா நீ."

கெட்டிக்காரி! வகுப்பாசிரியர்கூட அவளை இப்படி வாய் நிறையச் சொன்னதில்லை. யமுனாவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

இங்கிலீஷில் கேட்டிருந்தால் சமாளித்திருப்பாள். ஓர் அங்கிள் உதவினார் என்று சொல்லியிருப்பாள். இந்த ஊரில் டாக்சி ஓட்டுபவரும் அங்கிள், கோப்பிக் கடைக்காரரும் அங்கிள். யார் என்று எவன் கண்டுபிடிப்பான்?

"நம்ம ஆளு யாராச்சும் கேட்ட தொறந்து விட்டாங்களா?" என்றார் மெய்யநாதன்.

நம்ம ஆளு. டத்தோ கிராமாட்டில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மாவும் இதையேதான் சொல்லி அனுப்பினாள். உள்ளே நம்ம ஆளு ஒருத்தர் இருந்தா போதும்டி, விட்டுக்குடுக்க மாட்டாங்க.



கேட்டைத் திறந்து விட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். அந்த ஆலையிலேயே ஜாகா, கேட் காவல்காரர். திறக்கும்போதே கெஞ்சிக் கேட்டுக்கொண்டார், என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது பொண்ணு என்று. அவர் மனைவிக்கு டயாலிசிஸ். கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில்தான் அது ஓடுகிறது. வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் அந்த அத்தை பிழைக்க மாட்டாள்.

செத்தாலும் பேரைச் சொல்ல மாட்டேன் என்று யமுனா கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

சொல்லவும் இல்லை.

"பின் கேட்ல இருக்கற ஒரு மாமா சார். பேரு மட்டும் வேணாமே. பாவம்."

"ஐயோ, எதுக்கும்மா பேரு?" மெய்யநாதன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "குடி. தொண்டை காஞ்சிருக்கும்."

அவள் குடித்தாள். அவர் வக்கீலின் பக்கம் சாய்ந்து இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். வக்கீல் பேனாவை மூடி வைத்தார். அந்தச் சீன மாது அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். மூன்று பேரும் எழுந்து கைகொடுத்தார்கள்.

அடேயப்பா, இவ்வளவுதானா! இதற்கா ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தோம் என்றிருந்தது யமுனாவுக்கு.

லிஃப்ட் வரைக்கும் மெய்யநாதன் கூடவே வந்தார்.

"ஸ்காலர்ஷிப் ஒனக்குத்தான்மா. லெட்டர் வரும். அந்த ப்ராஜெக்ட மட்டும் இனிமே யார்கிட்டயும் காட்டாத, சரியா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பாள்.

"சரி சார். ரொம்ப நன்றி சார். மாமாகிட்டதான் மொதல்ல போயி சொல்லணும்."

"நீ எதுக்கு அலையற? அந்த கேட்ல மத்த ஜாகாவெல்லாம் நேப்பாளிங்க. நீ மாமான்னு கூப்பிடறதுக்கு அங்க ஒருத்தர்தானே இருக்காரு." அவர் கைப்பேசியை வெளியே எடுத்தார். "அய்யாக்கண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன்."

லிஃப்ட் வந்தது. யமுனா அந்தக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடப் போன கதவை மெய்யநாதன் ஒரு கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏறும்மா," என்றார். "வீட்ல அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."